நூம்பல் தாட்சாயிணி எழுதியது

நான் ஒரு கதாசிரியை என்பது ஆடி மாதம் ஒரு காலையில்தான் எனக்கே தெரியவந்தது. சொன்னவர் வேலப்பன்சாவடிப் பள்ளிக்கூட வாத்தியார் ராஜசேகரன். சைக்கிளை எங்கள் வீட்டு வேலியில் சாய்த்துவிட்டு, சுருட்டிய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஜம்புலிங்கம், உங்க பொண்ணு பேரு அச்சுல வந்திருக்குது" என்றார்.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் நூம்பலில் அதுவரை இரண்டு பேர் பெயர்தான் அச்சில் வந்திருந்தது. ஒருவருடைய நிலம் ஏலத்துக்குப் போனது. இன்னொருவர் ஊரைவிட்டு ஓடிப்போனார். 'அன்னார் செய்யும் காரியங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அவருடைய அண்ணன் தம்பிகள் விளம்பரம் போட்டிருந்தார்கள்.

"கோர்ட்டு நோட்டீஸா சார்?" என்றார் அப்பா.

"கதைப்பா. 'சித்திரமாலை'யிலே உங்க பொண்ணு கதை எழுதியிருக்குது. எங்க ஊட்டுப் பொம்பளைங்க காலையிலேர்ந்து அழுதுகினு கீறாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த நான் எழுந்து வந்து பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். 'நிர்மலாவின் கடைசி மூச்சு' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே 'ஸ்ரீமதி நூம்பல் தாட்சாயிணி'. நூம்பலில் இருக்கும் ஒரே தாட்சாயிணி நான். சத்தியமாக அதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

"நீயா எழுதின?" என்றார் அப்பா.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் எவன் எழுதினான் என்பதுதான். வைகாசியில்தான் எனக்கும் கள்ளிக்குப்பத்து அத்தை மகன் எத்திராஜுக்கும் பரிசம் போட்டிருந்தார்கள். பரிசம் போட்ட பெண்ணின் பெயரை எவனோ ஒருவன் அச்சில் போட்டிருக்கிறான் என்று ஊரில் கிளம்பினால் கல்யாணம் தை மாதம் வரை தாங்காது. "ஆமாம் நைனா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்பா வாத்தியாரிடம், "இதுக்கு ஜெயில்ல கியில்ல போடமாட்டாங்களே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, தவிட்டைக் கலக்கப் போனார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் கதை எழுதும் பைத்தியம் உண்டுதான். பூந்தமல்லியில் எட்டாவது வரை படித்தவள். பழைய காலண்டர் தாள்களின் முதுகில் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஜமீன்தார் மகள், பியானோ, நீலகிரியில் பங்களா. பியானோ எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. எழுதி முடித்த தாள்கள் வெந்நீர் அடுப்புக்குப் போகும். "எதுக்குக்கா எழுதறே, அடுப்பு மூட்டறதுக்கா?" என்று என் தங்கை ராணி கேட்பாள். அவளை அதட்டுவேனே தவிர, பதில் என்னிடம் இருந்ததில்லை. அந்தக் கேள்வி மட்டும் ஈரத் துணி மாதிரி மனசில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

நிர்மலாவின் கதையை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். நிர்மலா முதல் பக்கத்திலிருந்து இருமுகிறாள். புருஷன் அடிக்கிறான். அவள் மன்னிக்கிறாள். இன்னும் கொஞ்சம் இருமுகிறாள். "அந்தோ" என்ற வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கடைசியில் புருஷன் திருந்தி ஓடிவரும்போது மூச்சு நின்றுவிடுகிறது. படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மட்டமான கதை என்பதற்காக மட்டும் இல்லை. நானும் அச்சு அசலாக இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் கதாநாயகிகள் நீலகிரியில் இருமினார்கள், இவள் மைலாப்பூரில் இருமினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவில் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிர்மலாவுக்கு நிச்சயம் நடக்கும் அன்று, நடுக்கத்தில் அவள் பானகச் சொம்பைத் தாய்மாமன் மடியில் கவிழ்த்துவிடுகிறாள். இது என் பரிசத்தன்று நான் செய்தது. அப்போது கூடத்தில் இருந்தவர்களில் கதை எழுதக்கூடிய ஆள் யார் என்று யோசித்தேன். எல்லோரும் நெல் விலை பேசிக்கொண்டிருந்தபோது, என் மாமா எத்திராஜ் மட்டும் கூரை மோட்டைப் பார்த்தபடி உதடு அசைய உட்கார்ந்திருந்தார். பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுபவர். தோல் கணக்கைத்தான் மனசுக்குள் போடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

ஊர் என்னை விடவில்லை. நிர்மலா செத்ததற்கு என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். பக்கத்துத் தெருக் கன்னியம்மாள், "ஆடாதோடை எலைய கஷாயம் வெச்சிக் குடுத்திருந்தா பொழச்சிருப்பாளேம்மா, அத்த ஏன் எழுதலே?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். ஜெயிலுக்குப் பயந்த என் அப்பா, ஒரு வாரத்தில் மேல் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலப்பன்சாவடி டீக்கடையில் உட்கார ஆரம்பித்தார். யாராவது கேட்கமாட்டார்களா என்று பத்திரிகையையும் மடியிலேயே வைத்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஆடி வெள்ளிக்குத் திருவேற்காட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்க நாகம்மாள் அத்தை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு அக்கா, எத்திராஜின் அம்மா. பேச்சில் இடி, மனசு எப்படி என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. கூடவே எத்திராஜ் மாமாவும் வந்தார். பொங்கல் முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் களைத்திருந்தபோது, அவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். ராணியைக் காவலுக்கு வைத்துவிட்டு நானும் போனேன்.

"நான் எழுதின கதை எப்படி மாமா?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த செம்பு கிணற்றுக்குள் விழுந்தது. "கோவமா கீறியா?" என்றார்.

"சந்தோஷத்துல குதிச்சிகினு கீறேன்."

"நான் சொல்றத கேளு தாட்சாயிணி. என் பேர்ல எத்தினியோ கதை அனுப்பினேன். போன வேகத்துல திரும்பிடும். எங்க மண்டிக்கு எதிர்க்க ஒர்த்தர் கீறாரு, அவரு சம்சாரம் பேரைப் போட்டுத்தான் எழுதறாரு. பட்டணத்துல பாதிப் பேரு அப்டித்தானாம். பொம்பள பேருன்னா ஆசிரியர் பிரிச்சாவது பார்ப்பாருன்னாரு. எனக்குத்தான் சம்சாரம்..."

"இன்னும் வரல."

"பரிசம் போட்டாச்சே. அப்பால இன்னா பாக்கி, தாலிதானேன்னு நெனச்சேன்."

ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் விஷயத்தில் நெய்யும் பெண்டாட்டியுடையது. "பரிசம் எனக்குப் போட்டீங்க. என் பேருக்கு யாரு போட்டது?" என்றேன்.

அவர் செம்பு விழுந்த கிணற்றை எட்டிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. தீபாவளி மலருக்கு இன்னொரு கதை வேண்டும் என்று 'சித்திரமாலை' ஆசிரியர் கேட்டிருக்கிறாராம். அந்தக் கதையை நானே எழுதுகிறேன் என்றேன். "உனக்கு எழுத வருமா?" என்றார். நல்லவேளை, செம்பு கிணற்றுக்குள் இருந்தது.

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, தாளை எடுத்தால் பழைய ஜமீன்தார் மகள்தான் பியானோவோடு வந்து நின்றாள். இரண்டு வரி எழுதுவேன், அவள் இருமத் தொடங்குவாள், கிழித்துவிடுவேன். இப்படியே ஆவணி போயிற்று. எனக்கு எழுத வராதோ, மாமா கேட்டது சரிதானோ என்று பயம் வந்துவிட்டது. அழக்கூடச் செய்தேன்.

புரட்டாசியில் அப்பாவோடு பட்டணம் போக வேண்டியிருந்தது. யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பாய்லரைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் ஓட்டுவார்கள். வானகரம் தாண்டி ஒரு சின்ன மேடு. அங்கே வந்ததும் கரி பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். கண்டக்டர் கோவிந்தன் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொல்வார். அன்றைக்கும் சொன்னார்.

கீரைக்கூடைக்காரி சொர்ணம் மட்டும் சண்டை பிடித்தாள். "துட்டு குட்த்து ஏறினது குந்திகினு போறதுக்கு. தள்றதுக்கு நான் இன்னா மாடா?" என்றாள்.

"எறங்குமே, பேஜார் பண்ணாத" என்று கோவிந்தன் அவள் கூடையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டார். கூடை இறங்கியதும் அவளும் முணுமுணுத்தபடி இறங்கினாள். இறங்கியவள் மற்ற எல்லோரையும்விடப் பலமாகத் தள்ளினாள். பஸ் நகர்ந்ததும் ஓடிவந்து ஏறி, என் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர். புகையால் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன். என் கதையில் கீரைக்காரி இறங்கவில்லை. கண்டக்டர் கெஞ்சுகிறார், டிரைவர் மிரட்டுகிறார், ஒரு தாசில்தார் சட்டம் பேசுகிறார். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் தாசில்தார் உட்பட அத்தனை பேரும் சேர்ந்து, தேரில் வைத்த அம்மனைப் போல, அவளை மேடு ஏற்றுகிறார்கள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ராணி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "இந்தத் தாளை அடுப்புல போட்டே, நான் நைனாகிட்ட சொல்லிடுவேன்" என்றாள். 'டிக்கெட்டு வாங்கியவள்' என்று தலைப்பு வைத்தேன். கீழே என் பெயரை என் கையால் எழுதினேன். அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது.

ஐப்பசியில் 'சித்திரமாலை'யிலிருந்து கதை திரும்பி வந்தது. கூடவே ஆசிரியரின் கார்டு.

'அம்மணி, நிர்மலாவைப் படைத்து எங்கள் கண்களைக் குளமாக்கிய ஸ்ரீமதி நூம்பல் தாட்சாயிணி அவர்களின் நடையும் கையெழுத்தும் நாங்கள் நன்கு அறிந்தவை. அவர் பெயரை உபயோகித்துத் தாங்கள் இதை அனுப்பியிருப்பது வருந்தத்தக்கது. பிறர் பெயரில் எழுதும் வழக்கத்தைத் தாங்கள் விட்டொழிக்க வேண்டும்.'

மூன்று முறை படித்தேன். என்னைப் போல நான் நடிக்கிறேனாம். அந்தக் கார்டை அடுப்பில் போட்டேன், கதையை மட்டும் போடவில்லை.

தீபாவளி கழிந்து முகூர்த்தம் குறிக்க அத்தை வந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டு நடுவில் இருந்தது. தேதியெல்லாம் பேசி முடித்ததும் அத்தை தொண்டையைச் செருமினாள்.

"ஜம்பு, ஒரு விசயம். உன் பொண்ணு கத எழுதுச்சு, சரி. ஊரே அழுதுச்சு, நானும் ரெண்டு நாளு சோறு துன்னாம கெடந்தேன். ஆனா தாலி ஏறினப்பால இந்த எழுத்து வேலை வாணாம். ஊட்டு மருமவ பேரு கண்டவன் கையில சுத்தக் கூடாது. இன்னா சொல்றே?"

அப்பாவின் முகம் சுருங்கியது. பத்திரிகையை மடியில் வைத்துத் திரிந்த மனுஷன். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர். "நீ சொன்னா சரிதாங்கா" என்றார்.

நான் கதவோரம் நின்று மாமாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அதை எழுதியது நான்தான் என்று அவர் சொன்னால் முடிந்தது. அவர் மோட்டைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார், தன் கால் கட்டை விரலைப் பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை. தேங்காய் உடைத்துத் தேதியை முடிவு செய்துவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான் எழுதாத கதைக்கு நான் பாராட்டு வாங்க வேண்டும், இவர் எழுதிய கதைக்காக நான் எழுத்தை விட வேண்டும். எந்த ஊர் நியாயம் இது?

மறுநாள் புதுத் தாளில், ஆசிரியருக்கு அடையாளம் தெரியாதபடி கையெழுத்தை மாற்றி, கதையைப் பிரதி எடுத்தேன். கீழே 'கள்ளிக்குப்பம் எத்திராஜ்' என்று போட்டு அதே 'சித்திரமாலை'க்கு அனுப்பினேன். பெண் பெயருக்குத்தான் அங்கே மதிப்பு என்று மாமா சொன்னது பொய்யாகிவிட்டது. முதல் தடவை ஆசிரியர் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கவே இல்லை போலிருக்கிறது; மார்கழி இதழில், படத்தோடு, வந்தே விட்டது.

கல்யாணப் புடவை எடுக்க நானும் அப்பாவும் வேலப்பன்சாவடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். டீக்கடை பெஞ்சில் வாத்தியார் ராஜசேகரன் அந்தக் கதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "உங்க மாப்பிள்ளை எழுதினது, ஜம்புலிங்கம். குடும்பமே எழுத்தாளருங்க" என்றார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொர்ணமும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாசில்தார் தள்ளும் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொர்ணம் சிரிக்கவில்லை.

"அது நானு" என்றாள், யாரிடமும் இல்லாமல். "ஆனா நான் எறங்கிட்டேன். கூடையத் தூக்கி வெச்சான், நானும் பின்னாலயே எறங்கிட்டேன். எறங்காம குந்தியிருக்கலாம். அன்னிக்கு எனக்கு இது தோணாம பூட்ச்சே."

நான் பஸ் வரும் திசையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். எதுக்கு எழுதறே என்று கேட்ட ராணிக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கும்தான். நடந்ததை அப்படியே எழுத வேண்டியதில்லை, நடக்காத பங்களாவையும் எழுத வேண்டியதில்லை. ஒருத்திக்கு அன்றைக்கு முடியாமல் போனதை முடித்துக் கொடுக்கலாம். இதற்காகத்தான் எழுதுவேன் என்று அந்த இடத்தில், கீரை வாசனைக்கு நடுவில், முடிவு செய்தேன். பஸ் வந்ததும்தான் அத்தையின் நிபந்தனை நினைவுக்கு வந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தலில் என்னைக் கேட்பார் இல்லை. வந்தவர்கள் எல்லாம் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "இன்னாமா எழுதிக்கீறே அண்ணாத்தே" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல ஆனது. அத்தை சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "என் புள்ள எழுதினது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இருவரும் தனியாக இருந்த முதல் பொழுதில், "ஏன் என் பேரைப் போட்டே?" என்றார் மாமா.

"பரிசம் போட்டாச்சே. அப்பால இன்னா பாக்கின்னு நெனச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா இருந்துச்சு தாட்சாயிணி. சத்தியமா என்னால அப்டி எழுத முடியாது. அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றார். சொல்லவில்லை. நாளைக்கு என்றார், வெள்ளிக்கிழமை போகட்டும் என்றார், அம்மாவுக்குத் தலைவலி என்றார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். பயந்த மனுஷரோடு குடித்தனம் செய்யலாம், எழுத முடியாது.

மறுவீட்டுக்காக நாங்கள் நூம்பல் வந்திருந்தபோது, பட்டணத்தில் அத்தையின் தங்கை வீட்டில் விருந்துக்கு அழைத்தார்கள். அத்தை, நான், மாமா மூவரும் வேலப்பன்சாவடியில் பஸ் ஏறினோம். அத்தை ஜன்னலோரம், நான் பக்கத்தில். எதிர்ச் சீட்டில் சொர்ணம். வானகரத்து மேட்டில் பஸ் வழக்கம் போலப் பெருமூச்சு விட்டது.

"அல்லாரும் எறங்குங்கோ" என்றார் கோவிந்தன்.

ஆண்கள் இறங்கினார்கள், மாமாவும் இறங்கினார். பெண்கள் ஒருத்திகூட அசையவில்லை. கோவிந்தன் சொர்ணத்தின் பக்கம் வந்தார். அவள் கூடையை மடியில் தூக்கி வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"துட்டு குட்த்து ஏறிக்கீறேன். எறங்கமாட்டேன். பத்திரிகையிலயே போட்டுட்டாங்கோ" என்றாள்.

கோவிந்தன் தலையில் அடித்துக்கொண்டார். "மார்கழிலேர்ந்து இதே ரோதனை. ஒரு பொம்பள எறங்கறதில்ல. எவனோ கள்ளிக்குப்பத்தான் எழுதினானாம், எத்திராஜாம். கையில கெடச்சான், கரியோட கரியா பாய்லர்ல போட்டுடுவேன்."

அத்தை விருட்டென்று நிமிர்ந்தாள். "இன்னாடா சொன்னே? அது என் புள்ள. நான் பெத்த புள்ள எழுதினது. தோ, பின்னால நிக்கிறான் பாரு, அவன்தான்" என்று ஜன்னல் வழியே கையை நீட்டினாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள், இறங்கி நின்றவர்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். சொர்ணம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "நீயா ராசா? நல்லா இருப்பே. என் மனசுல கீறத உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் உதவி செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இதையும் இவர் வாங்கி விழுங்கிவிட்டால், அந்த வீட்டில் நான் இனி ஒரு வரி எழுதப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான் எழுதலம்மா" என்றது மாமாவின் குரல். கம்மலாகத்தான் வந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "தாட்சாயிணி எழுதினது. என் பேரைப் போட்டு அனுப்பிச்சிது. உள்ள குந்தியிருக்குது பாருங்கோ."

அத்தை வாயைப் பிளந்தாள். என்னைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "அப்போ இருமிகினே செத்தாளே, அத்த யாரு எழுதினது?"

"அத்த நான்தான் எழுதினேன். அது பேரைப் போட்டு."

"அட பாவி, உனக்கா நான் ரெண்டு நாளு சோறு துன்னாம கெடந்தேன்?"

வெளியே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. பஸ் முழுக்கத் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, என் காதருகில் குனிந்தாள். "சரி, ஆனது ஆச்சு. இவன் பேருலயே எழுதிக் குட்த்துடு. ஊட்டுக்குள்ள இருக்கட்டும், யாருக்குத் தெரியப்போவுது?"

"பஸ்ஸுக்கே தெரிஞ்சி போச்சு அத்தே" என்றேன். "நான் என் பேருலதான் எழுதுவேன்."

இவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எதிரே சொர்ணம் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஒருத்தியும் இறங்கவில்லை. அத்தையும் இறங்காமல்தானே உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"எழுதித் தொல" என்றாள் கடைசியில். "ஒருத்தியையும் சாவடிக்காம எழுது."

கோவிந்தன் பாய்லரில் கரியை அள்ளிப் போட்டார். வெளியே ஆண்கள் தோள் கொடுத்தார்கள். பஸ் முனகிக்கொண்டு ஒரு அடி நகர்ந்தது. மாமா எல்லோருக்கும் நடுவில், கல்யாண வேட்டியில் கரி அப்ப, பல்லைக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவரை எனக்கு மிகவும் பிடித்தது.

சொர்ணம் என் பக்கம் குனிந்தாள். "உன் பேரு இன்னா சொன்னாரு பாப்பா?"

"தாட்சாயிணி."

"அந்த நிர்மலாவைச் சாவடிச்சுதே, அந்தத் தாட்சாயிணியா?"

"அது வேற ஆளு" என்றேன். "பின்னால தள்ளிகினு வர்றாரு."